ஆணியில் தொங்கும் சீட்டு

பாம்பன் ஐஸ் கம்பெனி மாடியில்
அமோனியா நெடிக்கு மூக்கு பழகிய பிறகு
நான் எழுதிய முதல் படகுக்கு
மீன்பிடிக்கத் தெரியாது.

வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன்.
பெயர் உண்டு, பதிவெண் உண்டு,
ஐஸ் எத்தனை பார், டீசல் எத்தனை லிட்டர், பாக்கி எவ்வளவு.
'தொழிலுக்குப் போ' என்றொரு செயலும் உண்டு.
திறந்து பார்த்தால் உள்ளே ஒரே வரி:
ஆணியில் எந்தச் சீட்டு தொங்குகிறதோ
அதைக் கேள்.

கச்சான் அடிக்கும் மாதங்களில்
வடகடலில் வலை விழும்.
வாடை திரும்பினால் அதே படகு
ரயில்பாலம் திறக்கும்வரை வரிசையில் கிடந்து
தெற்கே இறங்கும்.
அதே எஞ்சின், அதே ஆறு பேர்,
அணியத்தில் அதே மாதா படம்.
கடல் மாறியதற்காகப்
படகைப் பிரித்தா கட்டுகிறார்கள்?

எனக்கு முன் எழுதியவன்
எல்லாக் காற்றையும் படகுக்குள்ளேயே அடைத்திருந்தான்.
கச்சான் என்றால் இப்படி, இல்லையென்றால்
வாடை என்றால் அப்படி, அதுவும் இல்லையென்றால்...
எழுநூறு வரி.
கொண்டலைத் தொட்டால் ஐஸ் விலை உடையும்.
அவன் இப்போது கத்தாரில்.
திட்டுவதற்கு நம்பர்கூட இல்லை.

வடகடலுக்கு ஒரு சீட்டு, தென்கடலுக்கு ஒன்று.
புயல்கூண்டு ஏறினால் மாட்ட மூன்றாவது:
அது எதையும் செய்யாது,
எதுவும் செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளும்.
அதை எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

முதல் சோதனை.
நாற்பத்து மூன்றில் ஒன்றைக் கூப்பிட்டேன்.
படகு சீட்டைக் கேட்டது.
சீட்டு திருப்பிக் கேட்டது:
எந்தப் படகு?

சிவப்பு எழுத்தில் அந்தக் கேள்வியைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கூடப்பிறந்த செயலுக்கு
கூப்பிடுவது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.
வெளியிலிருந்து வந்து ஆணியில் தொங்குவதற்கு
என்ன தெரியும், பாவம்.

கீழே கவுண்டரில் சத்தம்.
எமரிட் வந்திருக்கிறான்.
அவனுக்குச் சொந்தப் படகு கிடையாது,
நாலு பேர் படகை மாற்றி மாற்றி ஓட்டுகிறான்.
நேற்று யார் கணக்கென்று சொல்லாமல்
இருபது பார் ஏற்றிப் போய்விட்டான்.
ரகுமத்து நிஸா பேனாவால் மேசையைத் தட்டுகிறாள்:
"நேத்து போனது யாருன்னு சொல்லிட்டு
இன்னைக்கு ஐஸ் கேளு."

"ரீத்தம்மாதான்."

ரீத்தம்மா கரையைவிட்டு இறங்கியதே இல்லை.
அந்நேரம் தங்கச்சிமடத்தில்
ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருப்பாள்.
ஆனாலும் நேற்று கடலுக்குப் போனது அவள்தான்,
கணவாய் பிடித்தது அவள்தான்,
இருபது பார் கடன்பட்டதும்.

மேலே ஏறி வந்து
சீட்டை அழைக்கும் இடத்தில், அடைப்புக்குறிக்குள்
ஒரு வார்த்தை சேர்த்தேன்:
தான்.

நாற்பத்து மூன்றும் ஓடின.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் கூண்டு ஏறியது, மூன்றாம் எண்.
ஆணிகள் எல்லாவற்றிலும் மூன்றாவது சீட்டை மாட்டினேன்.
ஒரு படகையும் தொடவில்லை.
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.
பிறகு பட்டியலில் ஒரு வரி அசைந்தது:
ரீத்தம்மா. காலை ஐந்து பத்துக்குக் கிளம்பியது.
தொடங்கிவிட்ட வேலை
தொடங்கியபோது தொங்கிய சீட்டோடுதான் முடியும்.
அது எனக்குத் தெரிந்த விதிதான்,
பாடமாக ஒப்பிப்பேன்.
எமரிட்டின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை.
தகரக் கூரையில் மழை.
அந்த ஆணியைத் திறந்து திறந்து பார்த்தேன்,
எதுவும் செய்யாத சீட்டு, ஒழுங்காக மாட்டியிருக்கிறது.

நாலு மணிக்குக் கீழே ஷட்டரைத் தட்டும் சத்தம்.
"ரீத்தம்மா கணக்கு. ஆறு பார்."
"கூண்டு ஏத்தியிருக்கு, இன்னைக்கு யாருக்கும் ஐஸ் இல்ல."
"போறதுக்கு இல்லக்கா,
வந்ததுக்கு."